போர்வைக்குள் இருந்த கொடி

கலாபாரி, மௌல்விபஜார் பக்கம்
1972 பிப்ரவரி

அன்பு மகன் தில்வருக்கு அம்மாவின் சலாம். அல்லாஹ் கருணையால் நானும் உன் தங்கை ஜோச்னாவும் உயிரோடு இருக்கிறோம், லண்டன் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை. அப்பா போன செய்தி தந்தியில் ஒரு வரியாக வந்திருக்கும். எப்படிப் போனார் என்று நான்தான் எழுதவேண்டும், மூன்று நாளாக எழுதுகிறேன், பிழையைப் பார்க்காதே.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நம் வங்காளப் பேச்சு வேண்டாம், உருதுதான் என்றார்கள் மேற்குப் பாகிஸ்தான்காரர்கள். நம் சணல் விற்ற காசெல்லாம் அந்தப் பக்கம் போனது. எழுபதில் வந்த புயலில் நம் சனம் லட்சம் லட்சமாகச் செத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே ஓட்டு வந்தது, நானும் அப்பாவும் நடந்துபோய்ப் போட்டோம், ஜெயித்தது நம் ஆட்கள், ஆட்சியை மட்டும் தரவில்லை. போன மார்ச்சில் ஊரெல்லாம் புதுக்கொடி, பச்சைத் துணியில் சிவப்பு வட்டம், நடுவில் மஞ்சளில் நம் நாட்டின் படம். நம் வீட்டுக் கொடியை அப்பாவே தைத்தார். இருபது வருடம் சட்டை வெட்டிய கை, அந்தப் படத்தை வெட்டும்போது நடுங்கியது. "ஆறு போற பக்கமெல்லாம் வளையுதே, இதுக்கு யாருடி அளவு எடுத்தா?" என்று என்னைத் திட்டினார். அந்த வாரமே டாக்காவில் தூங்கினவர்களைச் சுட்டுவிட்டுப் பாகிஸ்தான் பட்டாளம் நம் பக்கமும் வந்தது. கொடி இருந்தால் வீட்டோடு கொளுத்துவார்கள் என்று எல்லோரும் குளத்தில் அமுக்கினார்கள். நான் உனக்காகப் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தாப் போர்வை தைத்துக்கொண்டிருந்தேன், கொடியை இரண்டு சேலைக்கு நடுவே வைத்துத் தைத்துவிட்டேன். "உம் மகன் நாட்டையே போத்திக்கிட்டுத் தூங்கப் போறான் போ" என்று அப்பா சிரித்தார்.

ஐப்பசிப் பிறப்பில் பட்டாளத்தார் நம் வீட்டுக்கு வந்தார்கள். கொடி தைத்தவன் இவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் அப்பாவின் கையைக் கட்டினார்கள். ஒருவன் காந்தாவைத் தடவிப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். "வேணாம் சாயிபு, அதுல மூட்டைப்பூச்சி" என்றார் அப்பா. அவன் சிரித்துவிட்டு எடுத்துப்போனான். அப்பா பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். ஆற்றங்கரையில் சுட்டார்களாம், உடம்பு கிடைக்கவில்லை. டிசம்பரில் பட்டாளம் ஓடியது. இந்தியச் சிப்பாய்களோடு, லுங்கி கட்டிய நம் உழவர் பிள்ளைகளும் துப்பாக்கி தூக்கி வரப்பில் வந்தார்கள், எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவர்கள் விட்டுப்போன பள்ளிக்கூடத்து முகாமில் வைக்கோல் மேல் காந்தா கிடந்தது. ஓரத்தைப் பிரித்தேன். தில்வர், சாயம்கூடப் போகவில்லை. அதை அழிக்க வந்தவன் ஒன்றரை மாதம் அதையே நெஞ்சில் போர்த்தித் தூங்கியிருக்கிறான். ஊர்ப் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பள்ளிக் கம்பத்தில் நான்தான் ஏற்றினேன்.

போன மாதம் உத்தரவு வந்தது, கொடியில் இனிப் படம் கிடையாதாம், வட்டம் மட்டும்தான். "மஞ்சளப் பிரிச்சிடுங்க சாச்சி" என்றார் வாத்தியார், பதமாகத்தான் சொன்னார். கத்தரியை எடுத்தேன். அப்பா கை நடுங்கிய இடத்தில் வடக்கு ஓரம் கோணலாக இருக்கிறது. என்னால் முடியவில்லை. ஜோச்னா புதுக்கொடி தைத்துக் கொடுத்தாள், அது பறக்கிறது. பழையதைத் திரும்பவும் காந்தாவுக்குள் வைத்துத் தைத்து, லண்டன் திரும்பும் ஜோபெத் அலி கையில் அனுப்புகிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும், நெஞ்சை மூடிப் படு. அப்பாவுக்கு இங்கே கபர்க்குழி இல்லை. வெயிலில் காயப்போட்டாலும் ஓரத்தை மட்டும் பிரிக்காதே, உள்ளே அவர் கை இருக்கிறது.

உன் அம்மா
சொலேமா