மகரந்தத்தில் பிறந்த பாதிச் செடி

என் பக்கத்து முக்காலிக்காரிக்கு,

நேற்று எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா வெள்ளரிக்காய் அச்சார் போட்டார். வினிகர் வாடை சாலையைத் தாண்டி என் அடுப்படிக்கே வந்துவிட்டது. குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றேன். நம் ஆய்வுக்கூடத்தில் வேர்நுனிக்குச் சாயம் ஏற்ற வைத்திருந்த சிவப்புத் திரவத்துக்கும் இதே வாடைதான். கண்ணாடித் தகட்டில் வேர்நுனியை வைத்து, மேலே மெல்லிய சில்லை மூடி, கட்டைவிரலால் அழுத்தி நசுக்குவாய். அந்த ஒரு விரல் மட்டும் எப்போதும் சிவந்தே இருக்கும். "கையில காசு பத்தலையாடி, ஒரு விரலுக்கு மட்டும் மருதாணி வச்சிருக்க?" என்று தோட்டத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். நீயும் சிரித்துக்கொண்டு போவாய்.

நீ போய் நாற்பது நாளாகிறது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நீ மருந்துக் குழாயைக் காட்டி, "இதுல ஒரு சொட்டு விழ எத்தன நேரம் ஆகுதுன்னு பாரு லா" என்று எண்ணத் தொடங்கிவிட்டாய். நானும் கூடச் சேர்ந்து எண்ணிவிட்டு வந்துவிட்டேன். அன்று விழுங்கியதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எண்பதுகளின் நடுவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் அந்தச் சிறிய காப்பி ஆய்வுக்கூடம் தொடங்கியபோது இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். நீ ஐந்தாம் படிவம் முடித்தவள், நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். வயது மட்டும் ஒன்று, உட்காரக் கொடுத்ததும் பக்கத்துப் பக்கத்து முக்காலி. ரப்பர் நர்சரியில் ஆறு வருசம் கன்று வளர்த்த கை என்று எங்களை மேய்க்கும் மண்டோர் எனக்காகச் சொல்லிவிட்டார். வாசல் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சாராயத்தால் கழுவச் சொன்னபோது நான் பயந்தேன். நீயோ, "குடிக்கிற சாராயமா, வேற சாராயமா?" என்று ஆபீசரையே கேட்டாய்.

ஆபீசர் சிரம்பான் சீனர். நம்மிடம் மலாயில்தான் பேசுவார், பொறுமையாகப் பேசுவார். இந்த வகைக் காப்பி மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் நல்ல மரத்தின் குணத்தைக் கலப்பில்லாமல் நிறுத்திவைப்பது பெரும்பாடு என்றார். மரத்தின் மற்ற உயிரணுக்களில் இருபத்திரண்டு குரோமோசோம். மகரந்தத்தில் மட்டும் பாதி, பதினொன்று. அந்த மகரந்தத்திலிருந்தே ஒரு செடியை வளர்த்து, பிறகு மருந்து கொடுத்துப் பதினொன்றை இருபத்திரண்டாக்கினால், பல தலைமுறை வேலை ஒரே தாவலில் முடியும். விளக்கி முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். நீ யோசித்துவிட்டு என் காதில், "அப்ப இது அப்பனுக்கு மட்டும் பொறந்த புள்ளைலா" என்றாய். அன்று முதல் நமக்கு அது பாதிச் செடி.

மொட்டு பறிக்கும் வேலையில் நீ கெட்டிக்காரி. விரிந்துவிட்ட பூ உதவாது, மிகவும் பிஞ்சும் உதவாது. சுண்டுவிரல் நகத்தை அளவாக வைத்து நீ பறித்து வருவாய். நான் விளக்கடியில் மொட்டைப் பிளந்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்திருக்கும் ஊட்டத்தின்மேல் வைப்பேன். பிறகு இருட்டு அலமாரி. பாதி பாட்டில்களில் பூஞ்சணம் பூத்தது. மீதியில் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. தினமும் திறந்து பார்க்கக்கூடாது என்று ஆபீசர் சொல்லியிருந்தார். நீ தினமும் அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்பாய். "வளர்ற சத்தம் கேக்குதா?" என்று நான் கேட்டால், "நீ பேசாம இருந்தாதானே கேக்கும்" என்பாய்.

ஒன்றரை வருசம் போனபின் மஞ்சள் கட்டிகளிலிருந்து பச்சை முளைகள் வந்தன. நமக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. மகரந்தப் பையின் தோலிலிருந்தும் செடி முளைக்கலாம், அப்படியானால் அது தாய்மரத்தின் நகல், நமக்கு உதவாது என்றார். எது எது என்று வேர்நுனியை நசுக்கி எண்ணினால்தான் தெரியும். அதற்காகத்தான் உனக்கு நுண்ணோக்கியில் எண்ணக் கற்றுக்கொடுத்தார். மேலிடமோ அந்த மாத முடிவுக்குள் ஒரு பாதிச் செடியாவது காட்டு, இல்லாவிட்டால் கூடத்தை மூடு என்று அவருக்கு எழுதிவிட்டது.

அப்போதுதான் உன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு எடுத்தாய். ஆபீசர் கோலாலம்பூருக்கு மீட்டிங் போய்விட்டார். கன்றுகளைச் சிறிய மண்பைகளுக்கு மாற்றி நிழல்கூடத்தில் வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாற்றியது நான் ஒருத்திதான், எத்தனை தேறின என்று யாரும் இன்னும் எண்ணி எழுதவில்லை. தண்ணீர் ஊற்றப் போனவள் பார்த்தேன். சில கன்றுகள் தடித்த இலையோடு கம்பீரமாக நின்றன. மற்றவை, ஈர்க்கு மாதிரி ஒடுங்கிய இலை, குட்டைத் தண்டு, கண்ணுக்கே பிடிக்கவில்லை. நர்சரியில் ஆறு வருசமாக மண்டோர் என் காதில் ஓதிய ஒரே பாடம், நோஞ்சானைப் பிடுங்கு, நல்லதுக்கு இடம் விடு என்பதுதான். ஆபீசர் திரும்பி வந்து பார்க்கும்போது வரிசை அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நோஞ்சான்களைப் பையோடு தூக்கிக் கூடத்துக்குப் பின்னாலிருந்த கழிவுக் குழியில் போட்டேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு கையைக் கழுவினேன்.

நீ வந்தாய். மிஞ்சியிருந்த எட்டுக் கன்றுகளின் வேர்நுனியை வெட்டினாய், நசுக்கினாய், எண்ணினாய். இருபத்திரண்டு. இருபத்திரண்டு. எட்டும் இருபத்திரண்டு. ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதக் கடைசியில் மேலிடத்துக்கு எழுதிவிடுகிறேன், நீங்கள் இருவரும் புல் வெட்டும் கூட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்றார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நீதான் அவரைக் கேட்டாய், பாதிச் செடி வந்திருந்தால் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று. குட்டையாக, ஒடுங்கிய இலையோடு, நோய் பிடித்தது மாதிரி இருக்கும் என்றார். நான் குழியில் போட்டவை அப்படியேதான் இருந்தன.

 நாலாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்ததும் உன்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போய்ச் சொன்னேன். அறையப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எல எப்படி இருந்துச்சு? காம்பு? நுனி கூர்மையா, மொட்டையா?" என்று அடுக்கிக்கொண்டே போனாய். திட்டுவதற்கு உனக்கு ஞாபகமே வரவில்லை. அதன்பிறகுதான், "எத்தனடி போட்ட?" என்றாய்.

"அஞ்சு" என்றேன்.

இருவரும் குழிக்குப் போனோம். அந்த வாரம் மழை, குழியெல்லாம் காப்பித் தோலும் சருகும் ஊறிக் கிடந்தன. மண்வெட்டி போட்டால் செடி வெட்டுப்படும் என்று வெறும் கையால் அள்ளினாய். நேரம் போகப் போக ஒவ்வொன்றாகக் கிடைத்தது. இரண்டு அழுகிவிட்டன, இரண்டு வாடித் தொங்கின, ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. "அஞ்சும் கெடச்சிருச்சு" என்று நிமிர்ந்தாய். முழங்கை வரை கறுப்பாக இருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

அந்த ஒன்று பிழைத்தது. மாதம் முடியும் முன்பே வெள்ளை வேர் விட்டது, அன்று காலையிலேயே நுனியை வெட்டி நசுக்கினாய். நீ எண்ணிவிட்டு, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னாய். நான் எண்ணினேன். பதினொன்று. இரண்டாம் தரமும் பதினொன்று. ஆபீசர் ஓடிவந்து பார்த்தார், குழியிலிருந்து எடுத்தது என்று நாம் சொன்னதும், இதை யார் அங்கே போட்டது என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும்தான்" என்று மலாயில் சொல்லிவிட்டாய். லீவில் இருந்தவள் எப்படிப் போட்டிருப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை, அல்லது யோசித்தும் விட்டுவிட்டார். கூடம் இன்னும் ஆறு வருசம் நடந்தது. பதினொன்றை இருபத்திரண்டாக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை நீ அந்தச் செடியின் கணுக்களில் வைத்து வைத்து, ஒரே ஒரு கிளையில் இலை தடித்தது. மற்றக் கிளைகள் பூத்தும் காய்க்கவில்லை. ஏன் என்று அந்த மரத்தையே கேட்பாய்.

தொண்ணூறுகளில் தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. நான் செனாவாங் பேக்டரிக்கு ஷிப்டுக்குப் போனேன், நீ கோலா பிலாவில் தையல் கடை போட்டாய். பார்க்கும்போதெல்லாம் அந்த ஒற்றைச் செடியைப் பற்றித்தான் பேசுவாய். இன்னும் நாலைந்து பாதிச் செடி இருந்திருந்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டிருக்கலாம், ஒற்றை மரத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்பாய். நான் பேச்சை மாற்றுவேன்.

தோழி, நான் போட்டது அஞ்சு இல்லை. பதினாலு.

அஞ்சு என்றால் மன்னிப்பாய், பதினாலு என்றால் என் பக்கத்தில் உட்கார மாட்டாய் என்று பயந்தேன். எண்ணுவதில் நீ ஒருநாளும் தவறியதில்லை. அஞ்சு கிடைத்ததும் நிறுத்தினாய், நான் சொன்னதை நம்பித்தான் நிறுத்தினாய். நீ கை கழுவப் போனபோது நான் குழி ஓரத்தில் நின்றேன். மிச்சம் ஒன்பது உள்ளே இருந்தன. அதில் எத்தனைக்கு உயிர் இருந்ததோ தெரியாது. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாய். அந்த வாரமே குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள்.

எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ கேட்கக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருக்கிறேன். அந்த ஒன்பதும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. ஒன்றுக்கு இலை ஓரம் நெளிநெளியாக இருந்தது. ஒன்றுக்குத் தண்டு சிவப்பு. ஒன்றுக்கு நுனி இலை இரண்டாகப் பிளந்திருந்தது, அப்படி ஒரு இலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதைத் தூக்கியபோது, நீ வந்தபின் காட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் போட்டுவிட்டேன்.