கண்ணில் மணல்

அன்புள்ள அண்ணி,

பாலிகே ஊர் வீட்டில் அம்மாவின் உடலுக்கு நம் வழக்கப்படி உலோஸ் என்கிற நெய்த சால்வையைப் போர்த்தி நாங்கள் ஒப்பாரி வைத்தபோது, ஏழு மாத வயிற்றோடு நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றீர்கள்.

"மணல் விழுந்த மாதிரி உறுத்துது, அழுகை வரமாட்டேங்குது" என்றீர்கள்.

"மாமியார்தானே, எப்படி வரும்?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவள் நான்தான். மறுநாளே அண்ணனோடு மேடான் நகரத்துக்குப் போய்விட்டீர்கள். குழந்தையைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது ஆறு மாதம். கண்ணில் அதே மணல். "மாசமா இருக்கறப்ப சில பேருக்குக் கண்ணு இப்படிக் காஞ்சுபோகும்மா" என்று சொல்லி நர்ஸ் சொட்டு மருந்து தந்தாள்.

நேற்று அம்மாவின் கல்லறையில் உங்களை நினைத்து அழப் பார்த்தேன். கண் எரிந்ததே தவிர ஒரு சொட்டும் வரவில்லை. இதைச் சொன்னால் உங்களைத் தவிர வேறு யார் நம்புவார்கள்?

உங்கள் நாத்தனார்