முதல் வாசிப்பு கேட்பதற்காம்

14 ஜூன் 1938, செவ்வாய்

ஆங்கிலப் பரீட்சையிலிருந்து என்னைப் பாதியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இதில் தேறினால்தான் ஓவர்சியர் வேலை. டிக்டேஷனுக்கு அதிகாரி ஒரு பத்தியை வாசித்தார். அவர் வாசித்து முடித்தபோது நானும் எழுதி முடித்திருந்தேன்.

"யாரு ஒங்கள எழுதச் சொன்னா?" என்று தாளைப் பிடுங்கினார்.

முதல் வாசிப்பு கேட்பதற்காம். இரண்டாவதில்தான் எழுத வேண்டுமாம். மூன்றாவது சரிபார்க்கவாம். நான் எழுதியதில் பிழை உண்டா என்று மனிதர் பார்க்கவே இல்லை.

கூடவே எழுத வந்த கந்தர்வக்கோட்டை சுப்பையா, பரீட்சை முடிந்து வந்து சிரித்தான்.

"ஏப்பா, இதுகூடத் தெரியாமயா வந்தே?"

"எவன்டா எனக்குச் சொன்னான்?"

"ஹைஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் தெரியுமேப்பா."

நான் படித்தது தொழிற்பள்ளியில். அங்கே வாத்தியார் வாயைத் திறந்தால் கை வேலையைத் தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உதைதான். முறையைச் சொல்லாமல் பரீட்சை வைத்துவிட்டு என்னைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

நாளைக் காலையில் வந்து மன்னிப்புக் கேட்டால் மறுபடி உட்கார விடுவதாக அதிகாரி சுப்பையாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மன்னிப்பாம்! கேட்டுத் தொலைக்கிறேன், வேலை வேண்டுமே. அவர் வாசிக்கத் தொடங்கியதும் இந்தக் கை சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.