கொய்யாக் குச்சி

ஐப்பசி 9, வியாழன், இரவு.

நான்கு முறை வாய் கொப்பளித்தும் அந்தக் கசப்புப் போகவில்லை.

என் கொய்யா மர இலைகளைப் பக்கத்து வீட்டு ரசீன் நானாவின் ஆடு தின்கிறது என்று கிராம சேவகருக்கு ஒரு முறைப்பாடு எழுதியிருந்தேன். இந்த வயதில் எழுதப் பழகி, நானே எழுதிய முதல் கடிதம். எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது.

இன்று மாலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ரசீன் நானா வேலியருகே நின்றார்.

"என்ட ஆடு கட்டின எடத்திலயே நிக்குது, அண்ணே. மரத்த நல்லாப் பாருங்க" என்றார்.

"எல்லாம் பாத்தாச்சு" என்றேன். பேசிக்கொண்டே, பல்லில் சிக்கிய பாக்கை எடுக்க மரத்திலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கி வாயில் வைத்தேன். குச்சி நெளிந்தது. பயத்தில் கடித்துவிட்டேன். பச்சைச் சாறு நாக்கெல்லாம் பரவியது. சீ.

துப்பினால், முதுகை வளைத்து வளைத்து நடக்கும் புழு. கிளையில் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் இதைப் பொறுக்கிக் கொன்றவன் நான். நிமிர்ந்து பார்த்தால் மரம் முழுக்க அதுதான், இலையைத் தின்றதும் அதுதான்.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ட ஆடு கூட இதத் தின்னாது, அண்ணே."

கடிதத்தை அங்கேயே கிழித்தேன். என் பெயர் இருந்த துண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது.

இப்போது அந்தப் புழுவின் தாய், மண்ணிறப் பூச்சி ஒன்று, பல்பைச் சுற்றிவிட்டு அந்தத் துண்டின் மேல் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கிறது. செருப்பால் அடித்தால் எழுத்து அழுக்காகும். ஊதிப் பார்க்கிறேன். போக மாட்டேன் என்கிறது.