கால்சியம் டப்பாவில் இருந்த மாத்திரை

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கு வந்த மருந்துப் பெட்டியைப் பிரித்தேன். நீ கால்சியம் டப்பாவில் ஒளித்துவைத்திருந்த அதே மனச்சோர்வு மாத்திரை.

உள்ளங்காலில் கறுப்பாக வந்ததை ஆணி என்று நினைத்து, பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு எட்டு மாதம் தாம்பரத்தில் ரயிலுக்கு ஓடினாய். தோல் புற்றுநோய் என்று தெரிந்தபின் உன் தூக்கமும் பேச்சும் போயின. டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார். நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். "கேன்சர்னா அழுவாங்கடி. இதைச் சொன்னா பைத்தியம்னு சிரிப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே." நீ போய் ஆறு வருஷமாகியும் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

இப்போது அதே மாத்திரை உனக்கு வந்த புற்றுநோய்க்கும் உதவுமா என்று பார்க்கிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு. நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்கும் நர்ஸ் நான்தான். விதியைப் பார்.

இன்று திருநீர்மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கட்டட வேலை செய்கிறவர். அவருக்கும் உள்ளங்காலில்தான். இது எதற்கான மாத்திரை என்று சொன்னதும் சம்மதத் தாளைத் தள்ளிவிட்டார்.

"எனக்குக் கால்ல தாம்மா நோவு. பைத்தியமா புடிச்சிகீது?"

"வேணாம்னா வேணாம்மா. உங்க வைத்தியம் நிக்காது," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பைத்தியம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்க அக்கா இதைத்தான் சாப்பிட்டா. அவ பைத்தியம் இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "அவங்களுக்கு இன்னா நோவு?"

"இதேதான்."

"இப்ப நல்லா கீறாங்களா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "இல்லம்மா, போயிட்டா. இது கேன்சருக்குக் கேக்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதான் பாக்குறோம்."

"வூட்ல கேட்டுகினு வரேன்," என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். வருவாரோ, மாட்டாரோ.

சத்தியத்தை மீறிவிட்டேன், அக்கா. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நீ நோயோடு பட்ட பாட்டை ஊரே பார்த்தது. வெட்கத்தோடு பட்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன். இனி யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் உன்னைப் பற்றிச் சொல்வேன்.

சாயங்காலம் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கேட்டது இதுதான்: "இதுக்கா என்னை ரூமுக்குள்ள விடாம கதவைச் சாத்திக்கிட்டா?"