புதுக் கன்ட்ரோலரும் வலது தோளும்

செப். 21, ஞாயிறு
காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடிவந்து, செம்பரம்பாக்கம் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு தூறல் இல்லை.

இன்று வீடியோ கேம் டென்னிஸ் இல்லை. புனேயில் மகள் திவ்யா அவள் டிவி முன், படப்பையில் நான் என் டிவி முன், ஆன்லைனில் ஆடுவோம். வழக்கமாக ஞாயிறு மாலை என்றால் அதுதான். ஆட்டம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். பழைய கன்ட்ரோலர் இனி ஆன்லைனில் ஓடாதாம்.

போனில் பேசினோம். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். வேலை? போகுது. "சரிம்மா, வச்சிடட்டா?"

ஆடும்போது இப்படி இல்லை. பந்தை அடித்துக்கொண்டே மேனேஜரைத் திட்டுவாள். யாரோ ஒருவனைப் பற்றிப் பாதி சொல்வாள். கண் திரையில் இருப்பதால் வாய் திறக்கிறது.

செப். 23, செவ்வாய்
தோள் மோசம். தலை வார இடது கைதான். கம்பெனி லைனில் மேல் ராக்கிலிருந்து ஒயர் சுருளை எடுக்கப் போய், பாதியில் நின்றுவிட்டேன். செல்வி வந்து எடுத்துக் கொடுத்தாள்.
"இன்னாக்கா, கை தூக்க மாட்டேங்குது?"
"ஜாக்கெட் டைட்டு செல்வி."
"ஆமா, ஜூன்லேர்ந்து டைட்டாத்தான் கீது."

டாக்டர் சொன்னது: மூட்டு இறுகிவிட்டது, மாதக்கணக்கில் ஆகும். திவ்யாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டம் நிற்கும். பிறகு சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான்.

பழைய கன்ட்ரோலர் தங்கம். சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டைச் சுண்டினால் போதும். திரையில் என் பொம்மை கையை உச்சி வரை தூக்கி சர்வ் போடும்.

செப். 27, சனி
தாம்பரம். வாங்கியது: கன்ட்ரோலர் ஜோடி, டிவிக்குக் கீழே வைக்கும் கேமரா, பொரி, கடலை, சந்தனம். மறந்தது: வெற்றிலை.

"பசங்களுக்கா மேடம்?"
"எனக்கு."
கடைக்காரர் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "சூப்பர் மேடம். இதுல உங்க கை எங்க போகுதோ, அங்கதான் பொம்மை கையும் போகும். பழசு மாதிரி ஏமாத்த முடியாது."

ஷேர் ஆட்டோவில் பெட்டி மடியில். வழி முழுக்க அந்தப் பேச்சுதான் காதில்.

திவ்யா போனில்: "நாளைக்கே ஆடலாம்மா!"
"புதுசு. ஆயுத பூஜையில வச்சுட்டுத் தொடலாம்."
"ம்மா, அது ஆயுதமா?"
"கையில பிடிக்கிறதெல்லாம் ஆயுதம்தான்."
சமாளித்தாயிற்று. பயம் என்று சொல்ல முடியுமா.

செப். 30, செவ்வாய்
கம்பெனியில் பூஜை. லைன் நிறுத்தம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. செல்வி சத்தமாக: "சூப்பர்வைசர் நெத்தியிலயும் ஒண்ணு வையிங்கக்கா. அவரும் மெஷினுதான்." அவரே சிரித்துவிட்டார்.

எல்லாரும் பொரிப் பொட்டலத்தோடு ஓடினார்கள். வீட்டில் காத்திருப்பவர்களின் ஓட்டம். எனக்கு அவசரம் இல்லை, கடைசி பஸ்தான்.

அக். 1, புதன்
வீட்டில் பூஜை. கத்தரிக்கோல், மிக்ஸி, ஸ்கூட்டி சாவி, கன்ட்ரோலர் இரண்டு. கன்ட்ரோலர் ஒவ்வொன்றின் முன்பக்கமும் நெற்றி மாதிரி சின்னக் கறுப்புக் கண்ணாடி. வேறெங்கே வைப்பது, அங்கேதான் பொட்டு. அழகாகத்தான் இருந்தது. காட்ட ஆள் இல்லை. திவ்யா அப்பா படத்துக்கும் ஒன்று வைத்தேன்.

சுண்டல் மிச்சம். ஒரு ஆளுக்கு அளவாகச் செய்ய இன்னும் வரவில்லை.

அக். 2, வியாழன்
இருவருக்கும் விடுமுறை. மாலை கன்ட்ரோலரை இணைத்தேன். என் பொம்மைக்குப் பேய் பிடித்துவிட்டது. கை முதுகுப் பக்கம் திரும்புகிறது, பிறகு காணாமலே போகிறது.

"ம்மா, என்ன பண்ண அதை?"
பொட்டு வைத்ததைச் சொன்னேன்.
"கண்ணுலயே அப்பிட்டியா! அந்தக் கண்ணாடி வழியாதாம்மா கேமராவுக்கு உன் கை தெரியும்!"

சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்கும். இந்த வீட்டில் என் சிரிப்பை நானே கேட்டு எத்தனை நாள்.

தோளை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தனம் காப்பாற்றியது.

அக். 4, சனி
அரை நாள் OT. திரும்பும்போது நல்ல மழை, குடை இல்லை.

ஞாயிறுக்குள் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள் திவ்யா. அந்தப் பொட்டைத் துடைக்காமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். இன்னொரு ஞாயிறு சிரிக்கலாம். ஆனால் எத்தனை ஞாயிறுக்கு ஒரே சந்தனம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பளிச்.

அக். 5, ஞாயிறு
எழுந்து நின்றுதான் ஆடினேன். முதல் சர்வ். பொம்மையின் கை தோள் வரை வந்து நின்றது. பந்து காலடியில்.

"என்னம்மா, பஸ்ஸை நிறுத்தற மாதிரி கை காட்டற?"
இரண்டாவது. அதே இடம். மூன்றாவதில் பல்லைக் கடித்துத் தூக்கினேன், சத்தம் வந்துவிட்டது. மைக்கில் கேட்டிருக்கும்.

திவ்யாவின் பொம்மை மட்டையை இறக்கியது. பிறகு, "கைக்கு என்ன?"
"புதுசு இல்ல, இன்னும் செட் ஆகல."
"ம்மா. உன் கை எங்க நிக்குதுன்னு எனக்கு இங்க தெரியுது. எப்பலேர்ந்து?"
"ஜூன்."
"ஜூன்லேர்ந்து என்னோட எப்படி ஆடின?"
சொன்னேன். சோபா, மணிக்கட்டு, எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"கை சரியாகற வரைக்கும் ஆட்டம் கிடையாது. ரூம்மேட்டோட அக்கா பிசியோ. கேட்டுட்டு வரேன், இரு."

போனாள். டிவியை அணைக்கவில்லை. அவள் பொம்மை எதிரே மட்டையைப் பிடித்தபடி நிற்கிறது, மூச்சு விடுவதுபோல் லேசாக அசைகிறது.

காத்திருந்தேன். கன்ட்ரோலரை இடது கைக்கு மாற்றி சர்வ் போட்டேன். வலையில். மறுபடி வலையில். அடுத்தது தாண்டியது. அவள் பொம்மை பந்தைப் பார்க்கக்கூட இல்லை. பாயின்ட் எனக்கு.