கைதட்டலுக்குச் சொன்ன குறி

பாசமுள்ள அண்ணனுக்கு,

உன் கல்லறைக்குக் கல் வைக்கப் போகிறோம். உன் பெயருக்குக் கீழே 'முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்' என்று பொறிக்க வேண்டும் என்கிறாள் மதினி. வேண்டாம் என்று நான் சொல்லி, நாள் தள்ளிக்கொண்டே போகிறது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், என் சம்மதம் இல்லாமல் செய்ய அவளுக்கு மனசில்லை. "கோவத்துல சொல்றியா ரெஜினா?" என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதடு இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன்.

திருவிழாவுக்கு இந்த வருஷம் மறுபடியும் அந்தப் பழைய நாடகத்தைப் போடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை நடக்கிறது. தளபதி வேஷத்துக்குத்தான் அடிதடி. ராஜா வேஷத்துக்கு ஒருத்தரும் வரவில்லையாம். உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

நீ தளபதி, உன் மச்சான் ராஜா. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். குறிகாரி வந்து, உன் தலையில் கிரீடம் ஏறும் என்பாள். விருந்துக்கு வந்து தூங்குகிற ராஜாவை நீ குத்துவாய். அப்புறம் சிநேகிதனை, அவன் பிள்ளைகளை. கடைசியில் நீயும் வெட்டுப்பட்டு விழுவாய். கட்டிக்கொண்டவரை அண்ணன் குத்துவதை முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நம் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எப்படி நடிக்க வேண்டும் என்று நீயே யோசித்து வைத்திருந்தாய். முதல் கொலைக்கு உன் கை கிடுகிடுவென்று நடுங்கும். இரண்டாவதற்கு நடுங்காது, கத்தியை நிதானமாகத் துடைப்பாய். மூன்றாவதற்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய், ஆளை ஏவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாய். "இப்படித்தான் புள்ள ஒருத்தன் கெட்டுப்போவான்" என்று எனக்குச் சொல்லிக் காட்டினாய். இவ்வளவு தெரிந்தவன் நீ. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

குறிகாரி வேஷம் எப்போதும் மிக்கேல் டைலருக்கு. அந்த வேஷக்காரர் மட்டும் சொந்த வசனம் பேசலாம், ஊர்க்கதையை இழுத்து ஆளைக் கிண்டல் பண்ணலாம் என்பது நம் ஊர் வழக்கம். ஒரு வருஷம் பஞ்சாயத்து எலக்‌ஷன் வரப்போகிறது என்று பேச்சு. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் உன் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். "தளபதியாரே, கிரீடம் கிடக்கட்டும். வார எலக்சன்ல நீருதான்யா பிரசிடெண்டு. மாதா மேல சத்தியம்."

விசில் காதைப் பிளந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ராஜா வேஷத்தில் ஓரமாக நின்ற உன் மச்சானும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வசனம் மறந்து நின்றாய். திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கோமாளிப் பேச்சைப் போய் யாராவது குறி என்று எடுத்துக்கொள்வார்களா அண்ணே?

ஊர்க்கூட்டத்தில் உன் மச்சானைத்தான் போட்டியில்லாமல் நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தாய், கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய், கை கழுவிக்கொண்டே சொன்னாய்.

"மச்சான், நீ ஒதுங்கிக்க."

"ஊரு சொல்லிருச்சேப்பா" என்றார் இவர்.

மறுவாரம் இவரைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. சவரி தோல் பதனிடும் ஷாப்புக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டான், கழிவுத் தண்ணீரை நம் ஓடையில் விடச் சம்மதித்துவிட்டான் என்று. பக்கத்து ஊர்க் கிணறுகள் சிவந்து நாறிப்போனதைப் பார்த்த சனம் அண்ணே அது. இதைவிட வேறென்ன வேண்டும்? கிளப்பிவிட்டது நீதானா என்று உன்னிடமே வந்து கேட்டேன். "எலக்சன்னா நாலும்தான் இருக்கும்" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸ் உன் கையில் ஆடியது. அதைப் பார்த்து, அண்ணனுக்கு இன்னும் மனசாட்சி இருக்கிறது என்று நான் ஆறுதல்பட்டேன்.

இவரை எதிர்த்து நின்று ஜெயித்தாய். மேலத்தெருக்காரர்கள் உனக்குப் போடவில்லை என்று, குடிதண்ணீர்க் குழாயை அந்தத் தெரு முனையோடு நிறுத்தச் சொன்னாய். பெண்கள் குடத்தோடு வந்து நின்றபோது மீசையைத் தடவிக்கொண்டு, "அடுத்த தடவை பாப்போம்" என்றாய். கை ஆடவில்லை.

அப்புறம் மிக்கேல் டைலர். இரண்டாம் தடவையும் நீ ஜெயித்த சமயம். டீக்கடையில் நாலு பேர் முன்னால், "நான் குறி சொல்லித்தானப்பா நீ பிரசிடெண்டு, எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அந்த மாதமே அவர் கடை புறம்போக்கில் இருப்பதாகச் சொல்லி இடிக்க ஆள் அனுப்பினாய். நான் உன் வீட்டுக்கு ஓடி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல், "தொட்டுக்க வெஞ்சனம் என்ன வச்சிருக்கா பாரு, நீயும் உக்காரு" என்றாய். டைலர் தையல் மெஷினை ரோட்டில் வைத்துக்கொண்டு நின்றார். "கைதட்டுக்குச் சொன்னேன் தாயி. இம்புட்டு நம்புவான்னு நான் கண்டேனா?" என்றார். அதோடு நான் உன் வாசற்படி மிதிக்கவில்லை.

கடைசியில் உன்னை யாரும் தோற்கடிக்கவில்லை. பெண்கள் தொகுதி என்று மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். மதினியை நிறுத்தினாய், தோற்றாள். அதற்கப்புறம் உன் வீட்டு முன்னால் செருப்புகள் கிடக்கவில்லை. ஒரு நாள் செம்பட்டி பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

மேடையில் நீ வெட்டுப்பட்டு விழும்போதெல்லாம் நான் அழுதிருக்கிறேன். செத்த நேரத்தில் எழுந்து வந்து பவுடர் வேர்வையில் வழிய என் கையில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாய் என்று தெரிந்தும் அழுதிருக்கிறேன். உன் பெட்டியை மூடியபோது அழுகை வரவில்லை. உன் மச்சான் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். நான் இன்னும் அழவில்லை அண்ணே. ஏன் வரமாட்டேன் என்கிறது? உனக்காவது தெரியுமா?

நேற்று மதினி வந்து போன பிறகு கல் விஷயத்தை இவரிடம் சொன்னேன். அந்தப் பட்டம் போடக் கூடாது என்று என்னைவிட இவர்தான் பிடிவாதமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னார்.

"போட்டுக்கிரட்டும். அதுக்குத்தானே இம்புட்டும் பண்ணுனான்."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

அதனால் பொறிக்கச் சொல்லிவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டு வாரேன். உயிரோடு இருக்கும்வரை ஒரு வருஷமும் தவறமாட்டேன், இது சத்தியம். கல்லைத் துடைத்துவிட்டு உன் பெயரைச் சத்தமாக வாசிப்பேன். அதற்குக் கீழே இருப்பதை வாசிக்க மாட்டேன்.

உன் மச்சானைக் கட்டிய,
உன் கூடப் பிறந்த தங்கச்சி,
ரெஜினா